சங்கரேஸ்வரி கண்டுபிடித்த ஹெரால்டு

சங்கரேஸ்வரிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டி ஓட்டுவாள், அதுவும் மேலகரத்திலிருந்து தென்காசி வரைக்கும்தான். அதைத் தாண்டினால் புருஷன் பேச்சிராஜ் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். ஆனால் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய காரின் மட்கார்டில் ஒரு சாண் துண்டைக் காட்டினால் போதும். எந்தக் கம்பெனி, ஏறக்குறைய எந்த வருஷம், முன்கதவு எந்தப் பக்கமாகத் திறக்கும் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள்.

மேலகரத்தில் குற்றாலம் ரோட்டின் மேல், மருந்துக்கடைக்கும் பரோட்டாக்கடைக்கும் நடுவில் இருக்கிற 'ஈஸ்வரி டிஜிட்டல்' அவளுடையது. பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், கல்யாண ஆல்பம், சடங்கு வீட்டு ஃப்ளெக்ஸ் என்று பிழைப்பு ஓடுகிறது. பழைய படங்களைப் புதுப்பித்துக் கொடுப்பது உபரி வேலை. அந்த உபரி வேலைக்குள்தான் கார் நுழைந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கடை திறந்த புதிதில், வீரகேரளம்புதூரிலிருந்து சிவனணைந்தபெருமாள் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒரு படம் கொண்டுவந்தார். அவருடைய அப்பா ஒரு காருக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற படம். ஓதம் பிடித்து, காரின் முகம் முழுக்க அழிந்துபோயிருந்தது. சங்கரேஸ்வரி இரண்டு நாள் உட்கார்ந்து, மட்கார்டுகளின் மேல் பக்கத்துக்கொன்றாக இரண்டு அழகான உருண்டை விளக்குகளை வரைந்து முடித்துக் கொடுத்தாள். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்பா நல்லா வந்திருக்காவ. காருதான் யாரு வீட்டுக் காரோ தெரியல" என்றார்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. அந்தக் கார் பேபி இந்துஸ்தான், அதன் விளக்குகள் மட்கார்டில் இருக்காது, கீழே கிரில்லுக்குள் மூக்கின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அவள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். வாத்தியார் சொன்னதேதான். ஒரு மனுஷருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் வேறு யார் காரையோ கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் என்ற வெட்கத்தில் அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. படத்தைத் திருத்திக் கொடுத்தாள். ஆனால் தேடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

தேடத் தேட அவளுக்குச் சிரிப்பாக வந்தது. அந்தக் காலத்துக் கார்க்காரர்கள் ஒருத்தரை மாதிரி ஒருத்தர் செய்யக் கூடாது என்று சபதம் எடுத்திருந்த மாதிரி இருந்தது. ஸ்டூடிபேக்கர் என்று ஒன்று, மூக்கில் ஏரோப்ளேன் போல ஒரு கூம்பு. வாக்ஸால் என்றால் பானட்டின் இரண்டு பக்கமும் விரலால் இழுத்த மாதிரி பள்ளக்கோடு. சில கார்களில் திரும்பும்போது கதவுத்தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும், விளக்கு எரியும், திரும்பி முடித்ததும் உள்ளே போய்விடும். ஆரம்பகால ஸ்டாண்டர்டு எய்ட்டில் டிக்கி உண்டு, ஆனால் டிக்கிக்கு வெளியே கதவு கிடையாது. பின் சீட்டை மடித்துத்தான் பெட்டியை உள்ளே தள்ள வேண்டும். இதைப் படித்த அன்று பேச்சிராஜை எழுப்பிச் சொன்னாள். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். "நாள் பூரா வண்டியோட கிடந்துட்டு வாரேன், வீட்டுலயும் வண்டியா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆனாலும் சீசன் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது அவன்தான். கேரளாவிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் வருகிற கூட்டத்தில் எப்படியும் இரண்டு மூன்று பழைய கார்கள் இருக்கும். அவன் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பான். அவள் சாரலில் நனைந்தபடி கார் நிறுத்துமிடத்தில் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்துக்கொண்டிருப்பாள். பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸப் குழு ஒன்றிலும் அவள் இருந்தாள். யாராவது ஒரு துருப்பிடித்த தகரத்தைப் படம் எடுத்துப் போட்டு இது என்ன என்று கேட்டால், முதல் பதில் 'ஈஸ்வரி டிஜிட்டல்' என்ற எண்ணிலிருந்து வரும். குழுவில் எல்லாரும் அவளை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் திருத்தவில்லை. சாராக இருப்பதும் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

இந்த ஆனி மாதம், சாரல் பொழிந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கீழப்பாவூரிலிருந்து ஞானதுரை வந்தார். வயது அறுபத்தொன்று. ஊரில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அதிகம் பேசுகிற ஆளில்லை. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். இடது ஓரத்தைப் பூச்சி அரித்துத் தின்றிருந்தது. வேட்டியும் கையில்லாத பனியனும் போட்ட ஒரு மனிதர், தலையில் துண்டு, கையில் நாலைந்து மாதக் குழந்தை. குழந்தைக்கு வாத்துப் படம் தைத்த கவுன். அவருக்குப் பின்னால் என்னவென்று சொல்ல முடியாதபடி சரிந்து நிற்கிற ஏதோ ஒன்று. அதற்குக் கீழே ஒரு டயர். நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசணம் பிடித்த கறைகள்.

"எங்கய்யா. இது ஒண்ணுதான் படம் இருக்கு. குத்தாலத்துல மாம்பழம், பலாப்பழம் விப்பாவ. யாரோ மெட்ராஸ்காரர் எடுத்து, பொறவு தபால்ல அனுப்பிவிட்டாராம்" என்றார் ஞானதுரை.

"குழந்த யாரு அண்ணாச்சி?"

ஞானதுரை கொஞ்சம் சிரித்தார். "அதுலதான் சோலியே இருக்கு. ரெண்டு காப்பி வேணும். ஒண்ணுல கீழ 'தங்கபுஷ்பம்'னு போடணும், இன்னொண்ணுல 'நேசம்மாள்'னு போடணும்."

அவருக்கு இரண்டு அக்காமார். பெரியவள் தங்கபுஷ்பம் ஐம்பத்தேழில் பிறந்தவள், சின்னவள் நேசம்மாள் ஐம்பத்தொன்பதில். அய்யா என்று அவர்கள் கூப்பிடும் அப்பா செத்துச் சில வருஷம் கழித்து இந்தப் படம் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து கிடைத்தது. குழந்தை யார் என்று பெரியவள் கேட்டபோது "நீதான்" என்றாளாம் அம்மா. தனியாகச் சின்னவள் கேட்டபோது அவளிடமும் "நீதான்". அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்னதாக இருக்கும். அந்த வாத்துக் கவுனோ மூத்தவளுக்குத் தைத்து, அடுத்தவளுக்கு வந்தது. அதனால் அதை வைத்தும் சொல்ல முடியவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தாள், சண்டை மட்டும் ஓயவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கூடினாலும் இதுதான், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் இதுதான். இப்போது பெரியவளின் மகன் பாவூர்சத்திரத்தில் வீடு கட்டியிருக்கிறான். வீட்டுப் பிரதிஷ்டைக்கு அய்யா படம் மாட்ட வேண்டும். ஆளுக்கொரு காப்பி கொடுத்துவிட்டால் தலைவலி தீர்ந்தது என்பது ஞானதுரையின் கணக்கு.

"பின்னால கிடக்க அந்தச் சரிஞ்ச கூரை, குப்பையெல்லாம் எடுத்துட்டு மெயின் அருவிய வச்சிரச் சொன்னாவ. அதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்" என்றார்.

"உங்க படம் ஏதும் இருக்கா அண்ணாச்சி, அய்யாகூட?"

"எனக்கு ஒரு வயசு திகையலம்மா, அய்யா காய்ச்சல்ல போயிட்டாவ. எங்கூட எடுத்தது ஏதும் இல்ல." கரண்டு இல்லை என்று சொல்வதைப் போல அவர் அதைச் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு சங்கரேஸ்வரி படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினாள். அருவிப் படம் அவளிடம் நாற்பது இருந்தது. பின்னணியை வெட்ட ஆரம்பித்தாள். ஞானதுரையின் அய்யாவுடைய தோளைச் சுற்றி வந்து, சரிந்து நிற்கிற அந்தப் பொருளின் ஓரத்துக்கு வந்ததும் அவள் கை நின்றது.

அந்தச் சரிவின் விளிம்பில், டயருக்கு நேர் மேலே, அந்தரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருந்தது. தோசையை ஒரு வாய் கடித்த மாதிரி. கூரையில் அப்படி யார் வெட்டுவார்கள்? கீழே பார்த்தாள். டயர் அம்மணமாக நின்றது. மேலே மட்கார்டு இல்லை. அதுவும் நேராக நிற்காமல், ஆட்டோ சக்கரம் மாதிரி ஏறக்குறையக் குறுக்கே திரும்பிக் கிடந்தது. சரிவின் அடி நுனியில், தரையை ஒட்டி, புருவம் வைத்த மாதிரி ஒரு வளையம். விளக்கு. ஆனால் விளக்கு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். அந்த அரைவட்டம் டயரின் மேல் உட்கார வேண்டிய வளைவு. மட்கார்டு காணாமல் போகவில்லை. பானட்டோடு சேர்ந்து மேலே போயிருக்கிறது. இரண்டு மட்கார்டு, இரண்டு விளக்கு, கிரில் எல்லாம் பானட்டோடு ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்து நிற்கிறது. இந்த மாதிரி வாயைப் பிளக்கிற குடும்பக் கார் நம் ரோட்டில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது.

"ஹெரால்டு" என்றாள். லேமினேஷனுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு பெண் "என்ன அக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சூடு ஏறி வழியில நின்னிருக்கு. அதான் தொறந்து வச்சிருக்காவ."

படத்தைக் குழுவில் போட்டாள். கால்மணி நேரத்தில் செங்கோட்டையில் பேக்கரி வைத்திருக்கும் ஹுஸைஃபா பதில் போட்டான். 'சரிதான் சார். என்கிட்ட ஒண்ணு இருக்கு. சக்கரம் அப்படித் திரும்புறதும் ஹெரால்டுதான், நம்ம பேக்கரி முன்னால ஒரே வெட்டுல யூ டர்ன் அடிச்சிருவேன்.' கூடவே தன் காரின் படத்தையும் அனுப்பினான்.

அதன் பிறகுதான் அவளுக்கு அடுத்த விஷயம் உறைத்தது. சீமையிலேயே ஹெரால்டு வெளியே வந்தது ஐம்பத்தொன்பதில். நம்மூரில், மெட்ராஸில் செய்து ரோட்டுக்கு வந்தது அறுபத்தொன்றில். அறுபத்தொன்றில் தங்கபுஷ்பத்துக்கு நாலு வயது. நேசம்மாளுக்கு இரண்டு. படத்தில் இருக்கிற குழந்தை இன்னும் உட்காரப் பழகாத குழந்தை.

போனில் அவள் சொன்னதை ஞானதுரை முழுசாகக் கேட்டார். பின்னால் சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினார்.

"அப்போ பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருக்கும்" என்றார் கடைசியில்.

"நீங்க எந்த வருஷம் அண்ணாச்சி?"

"அறுபத்தினாலு, மாசி." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அது கவுன் போட்டிருக்கேம்மா" என்றார்.

சாயங்காலம் தங்கபுஷ்பமே கூப்பிட்டாள். "நீ யாரு தாயி, எங்க கூரைய காருன்னு சொல்ல? நானும் அம்பது வருசமாப் பாத்துட்டு இருக்கேன், அது சரிஞ்ச பந்தலு. காரு அப்படியா இருக்கும்?" பின்னாலிருந்து நேசம்மாளின் குரல், "கேளுக்கா, நல்லாக் கேளு" என்றது. இருவரும் ஒரே கட்சியில் நின்று பேசியது ரொம்ப வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்று ஞானதுரை பிறகு சொன்னார்.

"ஆச்சி, ஞாயித்துக்கெழம செங்கோட்டைக்கு வாங்க. காரு அப்படி இருக்குமா இருக்காதான்னு நேர்லயே பாத்துக்கலாம்" என்றாள் சங்கரேஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை பேச்சிராஜ் வேனை எடுத்தான். செங்கோட்டையில் பேர்போன பார்டர் கடைப் பரோட்டாவும் கோழியும் வாங்கித் தருவதாக ஒப்பந்தம். கீழப்பாவூருக்குப் போய் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு அக்காமாரும் பள்ளிக்கூட வேனின் சின்ன சீட்டில் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்து, தென்காசி வரும் வரைக்கும் சங்கரேஸ்வரியோடு சண்டை போட்டார்கள். தென்காசி தாண்டியதும் இரண்டு பேருக்கும் உள்ளேயே சண்டை வந்துவிட்டது.

செங்கோட்டையில் பேக்கரிக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் அந்தக் கார் நின்றது. வெண்ணெய் நிறம். இரண்டே கதவு. ஹுஸைஃபா முப்பத்தைந்து வயசுக்காரன். கையில் மாவு ஒட்டியிருந்தது. பேச்சிராஜிடம் நேராகப் போய், "வாங்க சார், குழுவுல உங்க பதிலெல்லாம் படிச்சுட்டுதான் இருக்கேன்" என்று கையை நீட்டினான். பேச்சிராஜ் விரலால் மனைவியைக் காட்டினான். ஹுஸைஃபா ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, "அல்லாவே, ரெண்டு வருஷமா சார் சார்ன்னு கூப்பிட்டிருக்கேனே அக்கா" என்றான். சங்கரேஸ்வரி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் ஏற்கெனவே காருக்குப் பக்கத்தில் போய் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் படத்திலேயே பார்த்தது, இப்போது கைக்கெட்டும் தூரத்தில். விளக்கின் புருவத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஹுஸைஃபா இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்து, பானட்டைப் பிடித்துத் தூக்கினான். காரின் முன்பாதி முழுசும், மட்கார்டும் விளக்குமாக, பூமியைக் கும்பிடுகிற மாதிரி முன்னால் கவிழ்ந்து நின்றது. எஞ்சினும் சக்கரங்களும் வெட்டவெளியாகத் தெரிந்தன.

தங்கபுஷ்பம் வாயில் கை வைத்தாள். "எம்மா, இதென்ன இப்படிப் பொளந்துட்டு."

"சூடு ஏறிட்டா இப்படித் தொறந்து வச்சுட்டு, டயர் மேலயே உக்காந்து வேல பாப்பாவ ஆச்சி" என்றான் ஹுஸைஃபா. ஞானதுரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. மோட்டார் வேலைக்காரர் அல்லவா. கேட்காமலே டயர் மேல் உட்கார்ந்து, எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்து, ஒரு வயரைத் தொட்டுப் பார்த்தார்.

சங்கரேஸ்வரி படத்தின் பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மெட்ராஸ்காரர் நின்றிருக்க வேண்டிய இடத்தைத் தேடிப் பிடித்து நின்றாள். அரைவட்டம் சரியாக வந்தது. சக்கரமும் சரி. தரையைப் பார்க்கிற விளக்கும் சரி. "ஆச்சி, இப்ப ஒத்துக்கிடுதியளா?" என்று கேட்க நிமிர்ந்தாள்.

அக்காமார் இரண்டு பேரும் காரின் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். எஞ்சினைப் பார்க்கிறேன் என்று குனிந்து, அப்படியே ஏதோ சண்டையில் இறங்கிவிட்டிருந்தார்கள். பானட்டுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் இருந்த திறப்பில், ஜன்னலில் தெரிகிற மாதிரி, இரண்டு முகங்கள் மட்டும் தெரிந்தன. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே.

சங்கரேஸ்வரி கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதே திறப்பு. அதே இடத்தில், நடுவில், பூசணம் பிடித்த கறை என்று அவள் நினைத்த இரண்டு வெள்ளைப் பொட்டுகள். ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. அன்றைக்கு இன்னும் பத்து நிமிஷம் வெட்டிக்கொண்டே போயிருந்தால் அந்த இடத்தில் அருவி கொட்டியிருக்கும்.

"வாங்க, கடைக்குப் போவோம்" என்றாள்.

"பரோட்டா?" என்றான் பேச்சிராஜ்.

"பார்சல் வாங்குங்க. வேன்லயே சாப்பிடலாம்."

ஏன் என்று வழியில் அவள் யாருக்கும் சொல்லவில்லை. தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஹுஸைஃபா பேக்கரியை அப்படியே கடைப் பையனிடம் விட்டுவிட்டு ஹெரால்டில் பின்னாலேயே வந்தான்.

கடையில் ஏசி கிடையாது. ஆறு பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அசல் படத்தைத் துணியால் ஒற்றித் துடைத்து, இதுவரை வைத்ததிலேயே பெரிய அளவில் மறுபடி ஸ்கேன் செய்தாள். பிறகு மேல் பொட்டை எடுத்துக்கொண்டாள். புதிதாக எதையும் வரையக் கூடாது என்பதில் கறாராக இருந்தாள். இருக்கிற கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள், பூசணத்தின் வெள்ளையை மட்டும் புள்ளி புள்ளியாக எடுத்தாள். முதலில் ஒரு ரிப்பன் வந்தது. பிறகு நெற்றி. பிறகு வாய். வாய் திறந்திருந்தது, முன்னால் இரண்டு பல்லைக் காணவில்லை. கீழ்ப்பொட்டில் ஒரு சின்னக் குழந்தை முகம், விரல் மூக்குக்குப் பக்கத்தில்.

பரோட்டாப் பொட்டலம் பேச்சிராஜ் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் திரைக்கு ரொம்பக் கிட்டே போனாள். "என் பல்லு" என்றாள். "ஏழு வயசுல மாமரத்துல இருந்து விழுந்து போச்சு. ஏட்டி நேசம், இது நான்டி. கிட்ட வராத, சுடும், சுடும்னு அய்யா சத்தம் போட்டாவளே. தண்ணி கோரிட்டு வந்து ஊத்துனாவ, புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு. அது கனவுன்னுல்லா நெனச்சுட்டிருந்தேன்."

"அப்ப கீழ நிக்கது நானா?" என்றாள் நேசம்மாள்.

"மூக்கு நோண்டுதியே, பொறவு யாரு?"

நேசம்மாளுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பித் தம்பியைப் பார்த்தார்கள். ஞானதுரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏலே தொரை" என்றாள் பெரியவள். "நாங்க ரெண்டு பேரும் அங்கன நிக்கோம். அய்யா கையில இருக்கது நீதாம்ல."

"கவுன் போட்டிருக்கே" என்றார் அவர் மறுபடியும்.

"உனக்குன்னு தனியா சட்ட தைக்க யாரு இருந்தா? என் கவுனு அவளுக்கு, அவ கவுனு உனக்கு. நடக்குத வரைக்கும் நீ கவுனுலதாம்ல திரிஞ்ச. அம்மா உனக்குப் பின்னல் போட்டு மல்லியப்பூகூட வச்சுவிட்டிருக்கா."

ஹுஸைஃபா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே போனான். ஞானதுரை பக்கத்தில் வந்து, சங்கரேஸ்வரியின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் படத்தை நகர்த்தி அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். அய்யாவின் இடது கை, குழந்தையின் ஒரு பாதத்தை முழுசாகப் பொத்திப் பிடித்திருந்தது. சாரலுக்குக் குளிருமே என்று பிடித்திருப்பார் போலிருக்கிறது. ஞானதுரை அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கடைக்கு வந்த இரண்டு பேரைப் பேச்சிராஜ் 'பொறவு வாங்க' என்று திருப்பி அனுப்பினான்.

"பிரிண்டு போட்டுத் தா தாயி. அருவி வேண்டாம். ஒண்ணையும் எடுக்காத, ஒண்ணையும் வைக்காத" என்றாள் தங்கபுஷ்பம்.

அப்புறம் எல்லாருமாக ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். கோழி அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

ஆவணியில் பாவூர்சத்திரத்தில் வீட்டுப் பிரதிஷ்டை. கூடத்துச் சுவரில் மூன்றடி அகலத்தில் படம் மாட்டியிருந்தது. பூச்சி தின்ற இடது ஓரத்தை அப்படியே விட்டிருந்தாள் சங்கரேஸ்வரி. அந்த இடத்தில் கார் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வரையவில்லை. பாதிரியார் ஜெபம் பண்ணி முடித்ததுதான் தாமதம், கூட்டம் படத்துக்கு முன்னால் கூடிவிட்டது. பின்னால நிக்கது என்ன, பந்தலா, படகா என்று கேட்டவர்களுக்கு முதல் அரைமணி நேரம் அவள்தான் பதில் சொன்னாள். இருபது பேருக்குச் சொன்ன பிறகு தொண்டை கட்டிவிட்டது. பேச்சிராஜ் கூப்பிட்டு, ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் பாயசம் கொடுத்தான்.

குடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். படத்துக்குப் பக்கத்தில், புது வெள்ளைச் சட்டையில் ஞானதுரை நின்றிருந்தார். அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். வருஷக்கணக்காக அவர் வாயிலிருந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் கேட்டிராத சொந்தக்காரர்கள், சாப்பாட்டை மறந்து நின்றார்கள்.

"இது ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர். "பானட்டு இப்படி முன்னால கவுந்து தொறக்கும். மட்கார்டு, லைட்டு எல்லாம் கூடவே வந்துரும். அறுபத்தொண்ணுலதான் நம்ம ஊருக்கே வந்துச்சு. அங்கன எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நிக்கது பெரியக்கா, இது சின்னக்கா. கவுன் போட்டிருக்கது நான்."